அடக்க ஆராதனையில் என் கார்னெட் கொப்புளித்த கதை (பேண்ட் அனுபவங்களைப் பகிருங்கள்)

இரண்டாம் கார்னெட்:
பெட்டி குழிக்குள்ள இறங்குது, நாங்க கடைசிச் சரணம். செம குளிர். ஜெபம் முடியிற வரைக்கும் சும்மா நின்னதுல கார்னெட் (சின்ன ட்ரம்பெட் மாதிரி பித்தளை ஊதுகருவி) குழாய்க்குள்ள தண்ணி சேர்ந்திருக்கு, வடிக்க மறந்துட்டேன். மெதுவா வாசிக்க வேண்டிய இடத்துல 'களக் களக்'னு கொப்புளிக்குது. இறந்தவரோட மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாங்க. தோள் குலுங்குச்சு. அழுகையா சிரிப்பான்னு இன்னும் தெரியல. மூணு வருஷம் ஆச்சு.

பாஸ் டிராம்போன்:
அது பெரும்பாலும் எச்சில் இல்ல, மூச்சுல இருக்கிற ஈரம் குளிர்ந்த பித்தளையில பட்டுத் தண்ணியாகுது. வாசிக்காத நேரத்துலயும் சத்தம் வராம கருவிக்குள்ள ஊதிட்டே இருங்க. ஊதாதப்ப மவுத்பீஸ் (வாய் வைக்கிற முனை) சட்டைப்பைக்குள்ள இருக்கட்டும். வால்வை (சுரம் மாத்த விரலால அமுக்குற கட்டை) அப்பப்ப அமுக்கி விடுங்க, எண்ணெய் இறுகிடும். குளிர்ல சுருதியும் இறங்கும், அதனால சுருதி சேர்க்கிறதை உள்ளே வச்சுக்காதீங்க, வெளிய போய்ச் சேருங்க. எனக்கும் ஒருதடவை டிராம்போனோட ஸ்லைடு (நீட்டி இழுத்துச் சுரம் மாத்துற குழாய்) கழன்று பாஸ்டர் காலடியில போய் விழுந்துச்சு.
சபை பேண்டே வெளியில பிறந்ததுதானே? 1878, இங்கிலாந்துல சாலிஸ்பரி. தெருப் பிரசங்கத்துல ரௌடிங்க அடிக்க வந்தப்ப இரட்சணிய சேனைக்கு (சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவ அமைப்பு) காவலா நின்ன சார்லஸ் ஃப்ரைங்கிறவரும் அவரோட மூணு மகன்களும், ரெண்டு கார்னெட், ஒரு வால்வு டிராம்போன், ஒரு சின்ன டியூபாவோட ஆரம்பிச்சது.

பழைய யூஃபோனியம்:
பிறந்ததா? சேனை பேண்ட் பிறந்துச்சுன்னு சொல்லுங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல பெத்லகேம்ங்கிற ஊர்ல மொரேவியர்கள்ங்கிற கிறிஸ்தவ சபையார் 1754லயே டிராம்போன் குழு வச்சிருந்தாங்க. அப்ப வால்வே கிடையாது. ட்ரம்பெட்ல எல்லா சுரமும் வராது, ஸ்லைடுல வரும். பாட்டுக்காரங்களோட நாலு குரலுக்கும் நாலு அளவு டிராம்போன். சபையில ஒருத்தர் இறந்தா இவங்க வாசிச்சுத்தான் அறிவிப்பு. எந்த ராகம்னு கேட்டே இறந்தது குழந்தையா, விதவையா, கல்யாணம் ஆகாத ஆணான்னு ஊர் புரிஞ்சுக்கும்.
என் கதை சின்னது. கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே வாசிச்சோம். மூணாம் மாடியிலிருந்து ஒரு குரல்: "போதும், நிறுத்துங்க!" பாதிச் சரணத்துல நிறுத்தினோம். உடனே ரெண்டாம் மாடியிலிருந்து இன்னொரு குரல்: "ஏன் நிறுத்துனீங்க?"

இரண்டாம் கார்னெட்:
அப்புறம் வாசிச்சீங்களா, இல்லையா?

பழைய யூஃபோனியம்:
பேண்ட்மாஸ்டர் கையைத் தூக்கினவர் இறக்கவே இல்ல. அப்படியே வண்டியில ஏறிட்டோம்.