டர்போ வீராவில் ஃபியூயல் பிரஷர் மீட்டர்: லைனை எங்கே பிரிப்பது, மீட்டரை எங்கே வைப்பது?

ரவாங்_வீரா:

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி புரோட்டோன் வீரா, உள்ளே 4ஜி93 டர்போ ஹாஃப்கட் (பழைய வண்டில இருந்து வெட்டி எடுத்த) இன்ஜின். பூஸ்ட் (டர்போ தள்ளுற கூடுதல் காத்தழுத்தம்) 0.9 பார். டேங்குக்குள்ள மணிக்கு 255 லிட்டர் தள்ளுற பம்ப், ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துறது) ஒரிஜினல். கெந்திங் மலை ஏறும்போது மூணாவது கியர்ல 4,500 ஆர்பிஎம் தாண்டினதும் இழுவை சோர்ந்து போகுது. ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் விகிதம்) 11.5ல இருக்க வேண்டியது 12.5க்கு ஏறுது. பிரஷர் மீட்டர் போட்டுப் பார்க்காம எதையும் மாத்தாதேன்னு போமன் (மெக்கானிக்) சொல்லிட்டார்.

கையில ரெண்டு மீட்டர் இருக்கு. ஒண்ணு கிளிசரின் ஊத்தின சின்ன மெக்கானிக்கல் மீட்டர், 0-100 பிஎஸ்ஐ. இன்னொண்ணு 52 மிமீ எலக்ட்ரானிக், மூணு வயர் சென்சர். லைனை எந்த இடத்துல பிரிக்கிறது? மீட்டரை ஏ-பில்லர்ல வைக்கலாமா? மெக்கானிக்கல் மீட்டரையே நீளமான பிரெய்டட் ஹோஸ் போட்டு டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்தா என்ன?

செந்தூல்_ஸ்பானர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது தம்பி. அந்த மீட்டருக்குள்ளே பெட்ரோல் நேராக வந்து நிற்கும். பூஸ்டில் நான்கு பார் அழுத்தம். பின்னால் ஒரு ஃபிட்டிங் தளர்ந்தால் பெட்ரோல் உன் முழங்காலில் பீய்ச்சும். பக்கத்திலேயே சாவித் துவாரமும் லைட் சுவிட்சும். நடுவில் ஐசோலேட்டர் (பெட்ரோலைத் தடுத்து அழுத்தத்தை மட்டும் கடத்துவது) வைத்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் எலக்ட்ரானிக் சென்சர் கையில் இருக்கும்போது அந்த வேலை எதற்கு? பொனட்டுக்கு உள்ளே பெட்ரோல், கேபினுக்கு உள்ளே வயர் மட்டும்.

மெக்கானிக்கல் மீட்டரை ரெகுலேட்டர் செட் பண்ண மட்டும் பொனட்டுக்குள் வைத்துக்கொள். அதிலும் ஒரு வினை இருக்கிறது. கிளிசரின் சூட்டில் விரியும். மூடிய கூட்டுக்குள் அழுத்தம் ஏறும். முள் சில பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். நம் ஊர் வெயிலில் ஜாமில் நின்றுவிட்டு வந்து பார்த்தால் ஏதோ பம்ப் செத்துவிட்டது போலத் தெரியும். மேலே இருக்கும் ரப்பர் மூடியை லேசாக நெம்பிக் காற்றை விட்டால் முள் சரியான இடத்துக்கு வரும். மூடி இல்லாத ரகம் என்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் நம்பு.

லைனைப் பிரிக்கும் இடம்: ஃபில்டருக்குப் பிறகு, ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) முன்னால். ஃபில்டருக்கு முன்னால் வைத்தால், ஃபில்டர் அடைத்திருந்தாலும் மீட்டர் நல்ல கணக்கே காட்டும், இன்ஜெக்டர் பட்டினி கிடக்கும். வீராவில் ஃபில்டர் பொனட்டுக்குள்ளேயே இருப்பதால் சுலபம். ஃபில்டரிலிருந்து வெளியேறும் பக்கத்து பான்ஜோ போல்ட்டை (உள்ளே பெட்ரோல் ஓடும் துளையுள்ள போல்ட்) கழற்றி, தலையில் 1/8 மரைத் துளை உள்ள போல்ட்டை மாற்றிப் போட வேண்டும். பெரும்பாலும் எம்12x1.25 தான், ஆனாலும் பழைய போல்ட்டை மரை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு. இரு பக்கமும் புது வாஷர். பழைய வாஷரில் முன் போல்ட்டின் தடம் பதிந்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டாலும் வியர்க்கும். முறுக்கு சுமார் 30 நியூட்டன் மீட்டர். ஹோஸை வெட்டி டி (மூன்று வாய் இணைப்பு) வைப்பது கடைசி வழி. வைத்தால் எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸும், விளிம்பு மடித்த இஎஃப்ஐ கிளிப்பும் வேண்டும். பல் வெட்டிய சாதாரண கிளிப் ஹோஸைக் கடித்துவிடும்.

பலர் சறுக்குவது மரையில்தான். ஜப்பான் மீட்டர்களின் சென்சர் மரை 1/8 பிடி (PT), அமெரிக்க மீட்டர்களுடையது 1/8 என்பிடி (NPT). விரலால் சுற்றினால் முதல் இரண்டு மூன்று சுற்று இரண்டும் ஒன்றுபோலவே போகும். ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, மற்றதில் 27. கோணமும் 55 பாகை, 60 பாகை. ஒன்றில் மற்றதைத் திணித்தால் ஸ்பானர் போடும்போது இறுகின மாதிரியே இருக்கும், சூடேறினதும் கசியும். சரியான அடாப்டருக்கு இருபது முப்பது ரிங்கிட் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெள்ளை டேப் சுற்றாதே. அதன் நார் பிய்ந்து நேராக இன்ஜெக்டர் வாயில் போய் உட்காரும்; இன்ஜெக்டர் வாயில் உள்ள சின்ன வலையைத் தவிர, இதற்குப் பிறகு வடிகட்ட ஃபில்டர் கிடையாது. பெட்ரோல் தாங்கும் மரைப் பசையை, நுனியில் இரண்டு மரை விட்டுவிட்டுத் தடவு. கையிறுக்கத்துக்கு மேல் இரண்டு சுற்று போதும். அலுமினியம் என்றால் மூன்றாவது சுற்றில் வெடித்துவிடும்.

கழற்றும் முன்: பம்ப் ரிலேயைப் பிடுங்கி இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிடு, பிறகு மூன்று விநாடி ஸ்டார்ட் அடி, டேங்க் மூடியைத் திற, பேட்டரி நெகட்டிவைக் கழற்று. அப்படியும் ஒரு குவளை பெட்ரோல் வரும், துணி வை. ஏபிசி பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பிறை_வயர்காரன்:

ஸ்பானர் அண்ணன் சொன்னதுக்கு மேல வயரிங் பக்கம் மட்டும் சொல்றேன்.

சென்சரை அந்த பான்ஜோ போல்ட் தலையில நேரா மாட்டாதீங்க. பித்தளைக் கட்டி அது. இன்ஜின் அதிர்வுல ஆடி ஆடி கழுத்துல விரிசல் விடும். 30-40 செமீ பிரெய்டட் ஹோஸ் போட்டு ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல உள்ள தகடு) பி-கிளிப் வச்சுப் பிடிச்சிடுங்க. டர்போ, டவுன்பைப் (டர்போவுல இருந்து வர்ற புகைக்குழாய்) பக்கம் போகாம பார்த்துக்கோங்க.

மூணு வயர்: 5 வோல்ட், சிக்னல், கிரவுண்ட். கிரவுண்டை மீட்டருக்கே கொண்டு போங்க. இன்ஜின் பிளாக்ல போட்டீங்கன்னா ஃபேன் ஓடும்போதெல்லாம் முள் தாவும். சிக்னல் வயர் காயில் பக்கமும் இன்ஜெக்டர் வயரிங்கோடயும் சேர்ந்து போகக்கூடாது. ஃபயர்வால்ல புது ஓட்டை போட்டா ரப்பர் குரோமெட் கட்டாயம். மீட்டர் பவருக்கு இக்னிஷன் லைன்ல 5 ஆம்ப் ஃபியூஸ், இலுமினேஷன் வயரை டிம்மர்ல கொடுங்க.

சென்சர் 0-100 பிஎஸ்ஐ, 0.5-4.5 வோல்ட் ரகம்னா ஒரு பிஎஸ்ஐக்கு 0.04 வோல்ட். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா 43.5 பிஎஸ்ஐல 2.24 வோல்ட் வரணும். அது வந்து, மீட்டர் வேற காட்டினா தப்பு மீட்டர் செட்டிங்ல.

வைக்கிற இடம்: ஏ-பில்லர் பூஸ்ட் மீட்டருக்கு சரி. நமக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், அதனால வலது பில்லர்ல ரெண்டு மீட்டர் அடுக்கினா ரவுண்டபவுட்ல வர்ற மோட்டார் சைக்கிள் மறையும். ராத்திரி கண்ணாடியிலயும் பிரதிபலிக்கும். ஃபியூயல் பிரஷரை ஸ்டீயரிங் தண்டுக்கு மேல, ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம தெரியிற உயரத்துல வைங்க. (வீராவுல பிரச்சினை இல்ல. புது வண்டில பில்லருக்குள்ள கர்ட்டன் ஏர்பேக் இருந்தா மீட்டர் பாட் (கூடு) மாட்டவே மாட்டாதீங்க.)

இன்னொண்ணு, மீட்டர் முள் ரகம்னா மீட்டர் உடம்பையே திருப்பி, ஃபுல் பூஸ்ட்ல வர வேண்டிய நம்பர் நேரா மேல 12 மணிக்கு நிக்கிற மாதிரி பொருத்துங்க. எழுத்து சாய்ஞ்சிருக்கும், பார்க்க நல்லா இருக்காதுதான். ஆனா முள் நேரா நிக்குதா, சாயுதான்னு ஓரக்கண்ணுலயே தெரியும். ஃபுல் த்ராட்டில்ல யாரும் நம்பர் படிக்க மாட்டாங்க. குறைந்தபட்ச அளவை நினைவுல வச்சுக்கிற வசதி இருந்தா அதைப் போட்டு வைங்க.

மைவி_பட்டர்வொர்த்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பெரோடுவா மைவில போல்ட்-ஆன் டர்போ (இன்ஜினை மாத்தாம வெளியில மாட்டுறது) போட்டா இதே மாதிரி செய்யலாமா?

செந்தூல்_ஸ்பானர்:

மாட்டலாம், ஆனால் படிக்கும் விதம் வேறு. மைவியில் ரிட்டர்ன் லைன் இல்லை, ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கிறது, அதற்கு பூஸ்ட் தெரியாது. முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருக்கக்கூடாது: பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டருக்கு மிஞ்சும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் யாராவது படித்தால்: ஹை பிரஷர் பக்கத்தைத் தொடாதீர்கள், அங்கே நூறு பாருக்கு மேல் ஓடும்.

ரவாங்_வீரா:

பான்ஜோ போல்ட்ல மாட்டியாச்சு, சென்சர் ஃபயர்வால்ல. சாவியை நாலு தடவை ஆன் பண்ணி பம்பை ஓடவிட்டுப் பார்த்தேன், இன்ஜின் சூடான பிறகும் பார்த்தேன், கசிவு இல்ல. அளவு: ரெகுலேட்டரோட வாக்குவம் ஹோஸைக் கழட்டினா 43.5 பிஎஸ்ஐ, ஐட்லிங்ல 35, ஃபுல் பூஸ்ட்ல 56 வரைக்கும் ஏறி 4,500க்கு மேல 50க்கு இறங்குது. 50 போதும்தானே? ஐட்லிங்கை விட அதிகமாத்தானே இருக்கு?

செந்தூல்_ஸ்பானர்:

போதாது. ஐட்லிங்கோடு ஒப்பிடாதே, பூஸ்டோடு ஒப்பிடு. 0.9 பார் என்றால் 13 பிஎஸ்ஐ. ரெகுலேட்டர் ஒன்றுக்கு ஒன்று ஏற்ற வேண்டும்: 43.5 + 13 = 56.5. 4,500க்குக் கீழே அந்த அளவு வருகிறது, அதனால் ரெகுலேட்டரும் அதன் வாக்குவம் ஹோஸும் சரி. மேலே 50 என்றால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 37 தான். பெட்ரோல் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் போகும், 37ஐ 43.5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.92. எட்டு சதவீதம் பெட்ரோல் குறைகிறது. 11.5ஐ 0.92ஆல் வகுத்துப் பார், நீ சொன்ன 12.5 அப்படியே வரும். டியூனிங்கில் கை வைக்காதே. இது சப்ளை கோளாறு.

ஃபில்டர் பழசு என்றால் மாற்று. அதற்கு முன் பம்ப் டெர்மினலிலேயே, ஃபுல் லோடில், வோல்ட் எவ்வளவு என்று பார்.

ரவாங்_வீரா:

பேட்டரில 13.8, பம்ப்ல 11.4.

பிறை_வயர்காரன்:

கிடைச்சிருச்சு. ஒரிஜினல் பம்புக்குப் போட்ட மெல்லிசு வயர்ல 255 பம்ப் ஓடுது. பேட்டரில இருந்து 4 சதுர மிமீ வயர் எடுங்க. பேட்டரி பக்கத்துலயே, ஒரு சாணுக்குள்ள, 20 ஆம்ப் ஃபியூஸ். பின்சீட்டுக்கு அடியில 30 ஆம்ப் ரிலே. பழைய பம்ப் பாசிட்டிவ் வயர் இப்ப ரிலேயைத் தட்டிவிட மட்டும், அதனால இன்ஜின் அணைஞ்சா பம்பும் அணையும், அந்தப் பாதுகாப்பு போகாது. நேரா சுவிட்ச் வச்சு பம்பை ஓட்டுறவங்க பேச்சைக் கேட்காதீங்க. பம்ப் நெகட்டிவும் அதே தடிமன்ல, பெயிண்ட் சுரண்டின பாடி இரும்புல.

முடிச்சதும் பம்ப்ல வோல்ட்டை அளங்க, பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல குறையக்கூடாது. பிறகு ஐட்லிங்கையும் திரும்பப் பாருங்க. பம்ப் முழு வேகத்துல தள்ளும்போது ஒரிஜினல் ரெகுலேட்டரோட ரிட்டர்ன் ஓட்டை பத்தாம, 35ல இருந்தது 40க்கு மேல ஏறி நின்னா, ரெகுலேட்டரும் பெரிசா மாத்தணும். ஏறலைன்னா அதை விட்டுடுங்க, மறுபடி கெந்திங் ஏறி 4,500க்கு மேல 56 நிக்குதான்னு மட்டும் பாருங்க.