மையில்லாத மைப்படிக்கு என்ன பெயர்?

பொருள்: ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஏதென்ஸில் இருக்கும் பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனத்தைப் பற்றி ஒரு சிற்றிதழில் தொடர் எழுதி வருகிறேன். 1846இல் தொடங்கியது, கிரேக்கத்தில் வெளிநாட்டார் வைத்த தொல்லியல் நிறுவனங்களில் அதுதான் மூத்தது. டெலோஸ் தீவு, தாஸோஸ், ஆர்கோஸ், கிரீட்டில் மாலியா என்று அவர்கள் தோண்டிய இடங்களுக்கே தனித்தனி அத்தியாயம் வேண்டும். டெல்பியில் 1892இல் பெரிய அகழாய்வு தொடங்கியபோது, கோயில் இடிபாடுகளின் மேலேயே குடியிருந்த கஸ்த்ரி என்ற ஊரை முழுதாகப் பெயர்த்து வேறிடத்தில் அமர்த்தினார்கள். இப்போது பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து, கிரேக்கத்தில் நடக்கும் அகழாய்வுச் செய்திகளை இரண்டு மொழிகளில் இணையத்தில் தொகுத்துத் தருகிறார்கள். இதெல்லாம் தமிழில் ஓடிவிட்டது. மண்ணடுக்கு, அகழாய்வுக் குழி, பானை ஓடு என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் புழங்கிய சொல் இருக்கிறது.

மாட்டிக்கொண்டது அவர்களுடைய ஆவணக்காப்பகத்தில். குறிப்பேடுகள், ஒளிப்படங்கள், வரைபடங்கள், இவற்றோடு 'எஸ்தாம்பாஜ்' என்று ஒரு வகை. நம் கல்வெட்டுத் துறையில் எஸ்டாம்பேஜ் என்றால் மைப்படி, அதாவது கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் படி. யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். பிறகு படம் தேடிப் பார்த்தால் திக்கென்றது. வெள்ளைத் தாள். பொட்டு மை கிடையாது. எழுத்துகள் தாளிலேயே மேடுபள்ளமாக நிற்கின்றன. ஆங்கிலத்தில் இதை 'ஸ்குவீஸ்' என்கிறார்கள். இதைப் போய் மைப்படி என்று எப்படி அச்சில் விடுவது?

சொல் சொல்லுங்கள். கூடவே ஒரு சின்னக் கேள்வி: நிறுவனத்தின் பெயரில் 'ஸ்கூல்' இருக்கிறது. பள்ளி என்று எழுதினால் சீருடைப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்

*

மறு: ஒரு சொல் வேண்டும்

அம்மா, உங்கள் திகைப்பு நியாயமானது. ஆனால் பாதி வழிவரை இரண்டும் ஒன்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன், சொல் தேட உதவும்.

மைப்படி எடுக்கும்போது என்ன செய்கிறோம்? கல்லைத் தேய்த்துக் கழுவுகிறோம். தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டுகிறோம். மயிர்ப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குகிறோம். ஈரம் பாதி காய்ந்த பதத்தில் மைப்பந்தால் மேலே மை ஒற்றுகிறோம். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்து வந்துவிடும். அந்தப் பதம் கை பழகினால்தான் தெரியும். ஈரம் கூடினால் மை ஊறிப் பரவும். குறைந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பும்.

அவர்கள் மை ஒற்றுவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. தாள் மட்டும் கனமானது, வடிதாள் மாதிரி. முழுதாகக் காயவிட்டு உரித்தால் அட்டைபோல விறைத்து, எழுத்தின் உருவத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அதனால் என் யோசனை: 'மையிலா மைப்படி'. சிரிக்காதீர்கள். எள்ளின் நெய்தானே எண்ணெய்? இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய்கூடச் சொல்கிறோம். எள் எங்கே போயிற்று? அதுபோல மைப்படி என்பதும் 'கல்வெட்டிலிருந்து தாளில் எடுத்த படி' என்ற பொதுப்பொருளுக்கு வந்துவிட்டுப் போகட்டுமே.

மைப்படி எடுத்துக் கை கறுத்தவன்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

ஸ்குவீஸ் என்றே எழுதிவிட்டால் என்ன? ஆண்டுக்கு எத்தனை பேர் இந்தச் சொல்லைத் தேடப் போகிறார்கள்? தவிர, இப்போது முப்பரிமாண வருடல் (ஸ்கேன்) வந்துவிட்டது. பொருளே வழக்கொழியும் காலத்தில் அதற்குப் புதுச்சொல் எதற்கு?

நிரல் எழுதுபவன்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

நிரல் தம்பிக்கு: வழக்கொழிந்த பொருளுக்குச் சொல் வேண்டாமென்றால் உலக்கைக்கும் உரலுக்கும் இன்னும் ஏன் சொல் வைத்திருக்கிறோம்?

'ஒற்றுப்படி' எப்படி இருக்கிறது? ஒற்றி எடுத்த படி. கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம், பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஈரத் துணியை ஒற்றி ஒற்றித் தருவது ஒத்தடம். கல்லுக்குக் கொடுத்த ஒத்தடம் என்றே இதைச் சொல்லலாம்.

தமிழாசிரியர்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கிரேக்கக் கல்வெட்டியலில் சில ஆண்டு படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிரல் நண்பருக்கு. வருடல் வந்ததால் இந்தத் தாள்களின் மதிப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. பிரின்ஸ்டனில் உள்ள உயராய்வு நிறுவனத்தில் ஏறக்குறைய 30,000 தாள்கள் இருக்கின்றன. அவற்றை இப்போது மின்வடிவாக்கும் திட்டத்துக்கு 'கிராட்டெரோஸ்' என்று பெயர். பழங்காலத்தில் ஏதென்ஸின் தீர்மானங்களைத் தொகுத்த மாசிடோனியர் ஒருவரின் பெயர் அது. அங்கே வருடப்படுவது கல் அல்ல, தாள். ஏன் தாளை வருட வேண்டும்? தாள் எடுத்த பிறகு கல் மழையில் கரைந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், காணாமலே போயிருக்கலாம். நூறாண்டுக்கு முன் எடுத்த தாளில் இருக்கும் எழுத்து இன்று கல்லில் இல்லாமலிருக்கும். ஆகவே மின்வடிவான பிறகும் 'இது எதன் மின்வடிவம்?' என்ற கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும்.

அடுத்து, மைப்படிக்காரர் ஐயாவின் எண்ணெய் வாதம். அழகான வாதம், ஆனால் இங்கே உதவாது. எள் இல்லாத எண்ணெயைத் தேங்காய், கடலை என்று அடைகொடுத்துப் பிரித்துவிடுகிறோம், குழப்பமில்லை. மைப்படியிலோ மை என்ற அடைதான் அந்தச் சொல்லின் உயிர். அதை மறுத்து இன்னொரு அடை போட்டால் 'காலில்லா நாற்காலி'. தவிர, நான் படித்த கட்டுரைகளில் இந்தியக் கல்வெட்டையும் கிரேக்கக் கல்வெட்டையும் ஒரே பத்தியில் ஒப்பிடுகிறார்கள். அங்கே இரண்டுக்கும் இரண்டு சொல் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் எஸ்தாம்பாஜ் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அம்மா வழுக்கியது அவர்கள் போட்ட பாசியில்.

ஒற்றுப்படியும் எனக்குத் தயக்கம். மேலே ஐயாவே எழுதியிருக்கிறார், மைப்பந்தால் மை 'ஒற்றுகிறோம்' என்று. ஒற்றுவது மைப்படிக்காரர்களின் வேலை. மை ஒற்றாததை ஒற்றுப்படி என்று சொன்னால் பெயர் இடம் மாறிவிடும். ஒற்றுத்தாள் என்றாலும் பழைய தலைமுறைக்கு மை உறிஞ்சும் தாள்தான் நினைவுக்கு வரும். எந்தப் பக்கம் போனாலும் மை துரத்துகிறது.

மற்ற மொழிகளில் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் பிழிவதையும் அழுத்துவதையும் பிடித்துக்கொண்டது. ஜெர்மனில் 'அப்கிளாட்ச்': கையால் பட்டென்று அறையும் ஓசை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது, அதாவது பிரஷ்ஷால் அடிப்பது. இன்றைய கிரேக்கர்கள் 'எக்டிப்போ' என்கிறார்கள்; அதன் பழைய வடிவத்துக்கு மேலெழும்பி நிற்கும்படி செய்தது என்று பொருள். ஒருவர் செயலைப் பிடித்தார், ஒருவர் விளைவைப் பிடித்தார்.

இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்கும் வசதி தமிழில் இருக்கிறது என்று நேற்றிரவு தோன்றியது. புடைத்தல். முறத்தில் அரிசி புடைக்கிறோம். ஒருவனை அடித்துப் புடைக்கிறோம். நரம்பும் புடைக்கிறது, சுவரில் மேலெழும்பிய உருவம் புடைப்புச் சிற்பம். பிரஷ்ஷால் புடைத்து எடுக்கிறார்கள், எழுத்து புடைத்து நிற்கிறது. ஆகவே 'புடைப்படி'.

கிரேக்கக் கல்வெட்டு மாணவன்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

ஒற்றுப்படியைத் திரும்பப் பெறுகிறேன். புடைத்தல் நல்ல பிடி.

ஆனால் 'புடைப்படி' இலக்கணத்தில் நொண்டுகிறது. புடைத்த படி, புடைக்கும் படி என்று விரிந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சுடுசோறு, ஊறுகாய். அப்படிப் பார்த்தால் 'புடைபடி' என்றுதான் வரவேண்டும். அது 'அடிபடு, புடைபடு' என்று ஏவுவதுபோல ஒலிக்கிறது. போதாக்குறைக்குப் புடைப்படியைப் 'புடைப்பு + அடி' என்று பிரித்து, ஏதோ அடிதடி வழக்கு என்று படிப்பவரும் இருப்பார்கள். புடைப்பு என்ற பெயரையே எடுத்துக்கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரம்; வலி மிகும். புடைப்புச் சிற்பம் போலப் 'புடைப்புப்படி'. இரண்டு எழுத்து கூடும், ஆனால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

தமிழாசிரியர்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

ஓர் ஐயம். தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தால் எழுத்து பள்ளமாக அல்லவா இருக்கும்? புடைப்பு எங்கே வந்தது?

'வார்ப்பு' என்று யாரும் சொல்லவில்லையே. ரப்பர்பால் ஊற்றியும் இப்படி எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஊற்றினால் வார்ப்புதானே?

மைப்படி எடுத்துக் கை கறுத்தவன்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

ஐயா, நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். மேல்பக்கத்தில் எழுத்து நேராக, பள்ளமாக இருக்கும். கல்லைத் தொட்ட பக்கத்தில் புடைத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். மைப்படியில் நீங்கள் படிப்பது மேல்பக்கம். இவர்கள் பெரும்பாலும் படிப்பது கல்லைத் தொட்ட பக்கம், ஏனென்றால் அங்கேதான் உளி விட்ட தடம் கூர்மையாகப் பதிந்திருக்கும். வலமிருந்து இடமாகப் படித்துப் பழக வேண்டும். முதல் மாதம் தலை சுற்றும். பிறகு நேரான எழுத்தே விநோதமாகத் தெரியும்.

அறையை இருட்டாக்கி, விளக்கைத் தாளின் ஓரத்தில் படுக்கையாகப் பிடித்து, நான்கு திசையிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் வெளிச்சத்தில் சிக்காத கோடு இன்னொரு பக்கத்தில் நிழல் விழுந்து தெரியும். இந்த வித்தைக்குப் புடைப்பு வேண்டும். மைப்படியில் விளக்கை எப்படிச் சாய்த்தாலும் எழுத்து வெள்ளையும் தரை கறுப்புமாகவே நிற்கும். இன்னொரு பயன் அளவு. ஏதென்ஸின் பல கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. சதுரக் கட்டம் போட்டதுபோல எழுத்துக்குக் கீழ் எழுத்து வரிசையாக நிற்கும். கல் உடைந்த இடத்தில் எத்தனை எழுத்து போயிற்று என்று எண்ணிச் சொல்லலாம். தாள் கல்லின் அதே அளவில் இருப்பதால், ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் துண்டோடு வேறு நாட்டில் இருக்கும் துண்டு பொருந்துமா என்று மேசைமேல் வைத்தே சோதிக்கலாம்.

எழுத்து ஒன்றிரண்டு என்ன பெரிய காரியம் என்று கேட்பவருக்கு: ஏதென்ஸும் சிசிலியின் எகெஸ்தாவும் செய்துகொண்ட உடன்படிக்கைக் கல் மிகவும் தேய்ந்தது. அதில் ஆண்டைக் குறிக்கும் அதிகாரியின் பெயரில் கடைசி எழுத்துகள்தான் ஐயமற்றுத் தெரிந்தன. அது எந்தப் பெயர் என்பதைப் பொறுத்துக் கல்லின் காலம் நாற்பது ஆண்டு முன்பின் போகும். பல பத்தாண்டு சண்டைக்குப் பின் 1990இல் லேசர் ஒளி பாய்ச்சிப் பார்த்து 'ஆன்டிபோன்' என்று படித்தார்கள். அப்படியானால் கி.மு. 418/417. ஏதென்ஸ் பேரரசின் காலவரிசையில் எத்தனையோ கற்களை இதனால் இடம் மாற்ற வேண்டியதாயிற்று.

வார்ப்பு வேண்டாம். அதைச் சாந்து ஊற்றி எடுக்கும் பிரதிக்கு விட்டுவைப்போம். ஆவணக்காப்பகங்களில் அதுவும் தனி வகை. ரப்பர்பாலில் எடுத்ததை 'ரப்பர்ப் புடைப்புப்படி' எனலாம். தாள் நூறாண்டு தாங்கும்; ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இத்தாலியில் இதற்குக் 'கால்கோ' என்று பெயர். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் கால்கோளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள்! ஆனால் கால்கோளுக்கு அடுத்த துறை நீர்ப்படை, கல்லை நீராட்டுவது. தாளை ஒட்டுமுன் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கிரேக்கக் கல்வெட்டு மாணவன்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் நன்றி. புடைப்புப்படி என்றே போடுகிறேன். வினையாகப் 'புடைப்புப்படி எடுத்தல்'. இரண்டாவது 'ப்' நாக்கில் கொஞ்சம் தடுக்குகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மைப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வீட்டுச் சொற்களாகத் தெரிகின்றன. முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவேன்: கல்வெட்டின்மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, காய்ந்தபின் உரித்து எடுக்கும் மையில்லாத படி.

இரண்டு வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்:

"டெல்பியில் ஏதென்ஸ்காரர்களின் கருவூலச் சுவரில் 1893இல் கிடைத்த அப்பல்லோ துதிப்பாடல்களில் வரிகளுக்கு மேல் இசைக்குறிகளும் வெட்டப்பட்டுள்ளன. இத்தகைய நுண்ணிய குறிகளைச் சரிபார்க்கக் கல்லோடு புடைப்புப்படியையும் வைத்துப் பார்க்கிறார்கள்."

"தென்னிந்தியக் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுப்பதே வழக்கம், கிரேக்கத்தில் புடைப்புப்படி."

இரண்டாவது வாக்கியத்தை நேற்று என்னால் எழுதியிருக்க முடியாது.

பள்ளி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். சமண முனிவர் தங்கியதும் பள்ளிதான். பிள்ளைகள் படிக்கும் இடம் மட்டும் என்று அந்தச் சொல்லைக் குறுக்கியது நாம். 'ஏதென்ஸ் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி' என்று வைக்கிறேன். ஏதென்ஸிலேயே அமெரிக்கருடையதும் பிரிட்டிஷாருடையதும் 'ஸ்கூல்'தான். அவற்றுக்கும் இதே சொல் பொருந்தும். ஜெர்மானியர் தங்களுடையதை நிறுவனம் என்கிறார்கள். அதை நிறுவனமாகவே விட்டுவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்

*

மறு: மறு: ஒரு சொல் வேண்டும்

அம்மா, முடிக்குமுன் ஒன்று. கல்லைத் தொட்ட பக்கம், தொடாத பக்கம் என்று ஒவ்வொரு முறையும் நீட்டி எழுதுவீர்களா? 'கற்பக்கம்', 'கைப்பக்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கல்லில் பட்டது, மற்றது நம் கையில் பட்டது.

மைப்படி எடுத்துக் கை கறுத்தவன்