12 வோல்ட் கேட்கும் டிரிகர் போர்டு சில சார்ஜர்களில் மட்டும் இயங்குவது ஏன்?

கேள்வி

வணக்கம். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பைக் கொண்டு ஒரு மேசை விளக்கைச் செய்திருக்கிறேன். அது 1.2 ஆம்பியர் எடுக்கிறது. டைப்-சி சார்ஜரிலிருந்து மின்சாரம் பெறுவதற்காக, பவர் டெலிவரி (டைப்-சி வழியாக 5 வோல்ட்டுக்கு மேலும் பெற உதவும் விதிமுறை) டிரிகர் போர்டு ஒன்றை, அதாவது சார்ஜரிடம் வேண்டிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெறும் சிறு போர்டை, 12 வோல்ட்டுக்கு அமைத்து இணைத்தேன். என்னிடம் உள்ள மூன்று சார்ஜர்களில் ஒன்றில்தான் விளக்கு சரியாக எரிகிறது. 65 வாட் லேப்டாப் சார்ஜரில் மிகவும் மங்கலாகத் தெரிகிறது, மல்டிமீட்டரில் 9.1 வோல்ட் காட்டுகிறது. மூன்றாவதான 20 வாட் சார்ஜரில் நொடிக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது. விளக்கில் இருந்த சிமிட்டலைக் குறைப்பதற்காக, டிரிகர் போர்டின் வெளியீட்டில் 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்திருப்பதையும் குறிப்பிட வேண்டும்.

இதோடு, நானே வடிவமைத்த 5 வோல்ட் சென்சார் போர்டு ஒன்றிலும் சிக்கல் உள்ளது. மெல்லிய கேபிளில் இயங்கும் அந்த போர்டு, 5 ஆம்பியர் தாங்கும் தடித்த சி-சி கேபிளில் உயிர்பெறுவதே இல்லை. நல்ல கேபிளில் இயங்காமல் சாதாரணக் கேபிளில் இயங்குவது எனக்குப் புரியவில்லை.

பதில் 1

லேப்டாப் சார்ஜரில் பழுது எதுவும் இல்லை. பவர் டெலிவரியின் முதல் பதிப்பில் 12 வோல்ட் இருந்தது உண்மை. ஆனால் பின்னர் வந்த விதிகளில் 5, 9, 15, 20 ஆகியவையே நிலையான மின்னழுத்தங்களாக அமைந்தன. 12 வோல்ட்டைத் தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. இணைத்தவுடன் சார்ஜர் தன்னிடம் உள்ள மின்னழுத்தங்களின் பட்டியலை அனுப்புகிறது. டிரிகர் சிப் அதிலிருந்து ஒன்றைத்தான் கேட்க முடியும். 12 இல்லாதபோது பல சிப்கள் அதற்குக் கீழே உள்ள 9-ஐ எடுத்துக்கொள்கின்றன, சில 5-லேயே நின்றுவிடுகின்றன. தங்கள் ஸ்ட்ரிப்பில் மும்மூன்று எல்இடிகள் தொடராக இருக்கும். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் தேவை என்பதால், 9.1 வோல்ட்டில் அவை எரியத் தொடங்கும் விளிம்பில்தான் நிற்கின்றன.

15 வோல்ட் கேட்டு, ஒரு பக் கன்வெர்ட்டர் மூலம் 12-ஆகக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரிப்பை நேரடியாக 15 வோல்ட்டில் மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

பதில் 2

எரிந்து அணைவதற்கு அந்தக் கெப்பாசிட்டரே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. இணைக்கும் நொடியில் சாதனத்தின் பக்கம், மின்சாரம் வரும் விபஸ் தடத்தில் 10 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் தெரியக்கூடாது என்பது விதி; நீங்கள் அதைப்போல் 220 மடங்கு வைத்திருக்கிறீர்கள். 2200 மைக்ரோ ஃபாரட்டை ஒரு மில்லி நொடியில் 15 வோல்ட்டுக்கு ஏற்ற 33 ஆம்பியர் வேண்டும். சார்ஜர் இதை ஷார்ட் சர்க்யூட்டாகவே கருதித் தன்னை அணைத்துக்கொள்கிறது, சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்கிறது. அதே ஏற்றத்தை 100 மில்லி நொடிகளுக்கு நீட்டினால் 0.33 ஆம்பியர் போதும். எனவே விபஸ்ஸுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே மின்னணுச் சுவிட்சாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டை வைத்து, மின்னழுத்தம் முடிவான பிறகு அது மெதுவாகத் திறக்கும்படி செய்யுங்கள். பல டிரிகர் சிப்களில் இதற்கென்றே ஒரு அறிவிப்புப் பின் இருக்கிறது. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதித்தாலே என் கணிப்பு சரியா என்பது தெரிந்துவிடும்.

சென்சார் போர்டில், இணைப்பைச் சார்ஜருக்கு உணர்த்தும் டைப்-சி பின்களான சிசி1, சிசி2 இரண்டையும் சேர்த்து ஒரே 5.1 கிலோ ஓம் மின்தடையில் இணைத்திருக்கிறீர்களா? 5 ஆம்பியர் கேபிளுக்குள் தன்னை அடையாளம் காட்டும் ஒரு சிப் உண்டு. அதன் பக்கம் சுமார் 1 கிலோ ஓம் மின்தடை தெரியும். இரண்டு பின்களும் இணைந்திருந்தால் அந்த 1 கிலோ ஓம் உங்கள் 5.1-க்கு இணையாக அமர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 840 ஓம் ஆகிவிடும். சார்ஜர் அதை ஆடியோ இணைப்பு என்று எண்ணி மின்சாரமே தராது. மெல்லிய கேபிளில் அந்தச் சிப் இல்லாததால் பிழை மறைந்திருக்கிறது. 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் போர்டுகளிலும் இதே பிழை இருந்து, பின்னர் திருத்தப்பட்டது.

கேபிள் எதையும் செருகாமல் ஏ5, பி5 பின்களுக்கிடையே (இவைதான் சிசி1, சிசி2) அளந்து பாருங்கள். தனித்தனி மின்தடைகள் இருந்தால் 10.2 கிலோ ஓம் வர வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன்; பூஜ்ஜியம் காட்டியது. தடத்தைக் கத்தியால் வெட்டி, பி5-இலிருந்து தரைத்தடத்துக்கு இன்னொரு 5.1 கிலோ ஓம் மின்தடையைப் பற்றவைத்ததும் தடித்த கேபிளில் போர்டு இயங்குகிறது. மிக்க நன்றி. கெப்பாசிட்டரைக் கழற்றியதும் 20 வாட் சார்ஜர் அணைந்து எரிவதும் நின்றது. ஆனால் 15 வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால், அதே சார்ஜர் 9 வோல்ட்தான் தருகிறது.

பதில் 3

27 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர்களுக்குத்தான் 15 வோல்ட் கட்டாயம். 15 வாட்டைத் தாண்டினாலே 9 வோல்ட் கட்டாயம். ஆகவே 5 வோல்ட்டை விட்டால், தங்கள் மூன்று சார்ஜர்களுக்கும் பொதுவானது 9 வோல்ட்தான். அதைக் கேட்டு, பூஸ்ட் கன்வெர்ட்டரால் 12-ஆக உயர்த்துவதே நல்லது என்று நினைக்கிறேன். விளக்குக்குத் தேவை 14.4 வாட், கன்வெர்ட்டரில் பத்து சதவீதம் வீணானாலும் 9 வோல்ட்டில் சுமார் 1.8 ஆம்பியர்தான் ஆகும், 20 வாட் சார்ஜர் அதை எளிதில் தாங்கும். ஏதோ காரணத்தால் 5 வோல்ட்டே வந்தால், கன்வெர்ட்டர் 3.2 ஆம்பியர் இழுக்க முயலும். அதனால் கன்வெர்ட்டரை இயக்கும் பின்னை டிரிகர் சிப்பின் அறிவிப்புப் பின்னோடு இணைத்து, 9 வோல்ட் உறுதியாகும் வரை அணைந்தே இருக்கும்படி வையுங்கள். அந்தப் பின் தாழ்நிலையில் அறிவிக்கும் வகையாக இருந்தால், இடையில் ஒரு டிரான்சிஸ்டரால் தலைகீழாக்க வேண்டியிருக்கும். கெப்பாசிட்டர் தேவைப்பட்டால், அளவைக் குறைத்து பூஸ்ட்டின் வெளியீட்டில் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் பல பூஸ்ட்களில் உள்ளீடு டையோடு வழியாக நேராக வெளியீட்டுக்குச் செல்வதால், பதில் 2-இல் சொன்ன மாஸ்ஃபெட்டை அப்போதும் கைவிட முடியாது.