கே.பி.சுந்தராம்பாள் சினிமாவுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

முத்தியால்பேட்டை பொண்ணு: புதுச்சேரி கருவடிக்குப்பத்துல நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவிடத்துக்கு நாடகக்காரங்க மாலை போட வந்தப்ப ஒரு பெரியம்மா மைக் இல்லாமயே பாடினாங்க, கேபிஎஸ் பாணியாம், அப்படியே நின்னுட்டேன். எனக்கு கேபிஎஸ்ஸ திருவிளையாடல் ஔவையாரா மட்டும்தான் தெரியும், அதுக்கு முன்னாடி?

கடலூர் ஓ.டி.: அதுக்கு முன்னாடிதாங்க பெரிய கதையே! ஸ்பெஷல் நாடகத்துல (வேற வேற நடிகர்கள ஒரு நாடகத்துக்குன்னு கூட்டிட்டு வந்து போடறது) வள்ளியா நின்னு, பின்னாடி கணவரான கிட்டப்பாவோட போட்டி போட்டு பாடினவங்க, 1933ல அவர் இறந்ததும் வெள்ளைப் புடவைக்கு மாறிட்டாங்க, ஆம்பளைங்களோட ஜோடியா நடிக்கறதையும் விட்டுட்டாங்க. அப்புறம் 1935ல சினிமாவுக்கு வந்தது நந்தனாரா, ஆமா ஆம்பள வேஷம், நந்தனாரோட பண்ணையாரான வேதியரா பாடகர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சம்பளம் 1 லட்சம், அந்தக் காலத்துல!

நெல்லிக்குப்பம் மாமா: 1953ல வந்த ஜெமினி ஔவையாரையும் பாரும்மா. பாட்டுல வார்த்தைய கவனி, ஒரு எழுத்தக்கூட முழுங்க மாட்டாங்க, கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னு மேடையில பழகின தொண்டை அது. சட்ட மேலவைக்கும் போனாங்க.

முத்தியால்பேட்டை பொண்ணு: ரொம்ப நன்றி மாமா, இன்னைக்கு ராத்திரியே ஔவையார் பாத்துடறேன். நம்ம பக்கம் இன்னும் வள்ளி திருமணம் எங்க போடறாங்கன்னு யாராவது சொல்லுங்களேன்!