மறு: மாட்யுலர் சர்வர் – கொள்முதல் கையேட்டுக்கு நாளைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

> 'மட்டு வழங்கி' போதுமே. பாடநூல்களில் உள்ள சொல்தானே?

ஐயா, வணக்கம். மட்டு என்றால் அளவு, எல்லை. பழம்பாட்டில் கள், தேன். பேச்சில் 'மட்டம்' வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். 'மட்டு வழங்கி வாங்கினால் செலவு குறையும்' என்று கொள்முதல் கையேட்டில் எழுதினால், தரம் குறைந்த சரக்கு என்றே படிப்பார்கள்.

> அப்படியானால் கூறுநிலை?

கூறுகளாகப் பிரியும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. எந்த சர்வரும் பிரியத்தான் செய்யும். பணம் மிச்சமாவது, ஒன்று மாற மற்றவை அப்படியே நிற்பதால். செயலி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பெட்டி, விசிறி, பவர் சப்ளை எல்லாம் அதற்குப் பிறகும் உழைக்கும். ஆயிரக்கணக்கில் சர்வர் ஓடும் இடத்தில் நல்ல பெட்டியையும் சேர்த்துக் கழித்துக்கட்டுவது எவ்வளவு வீண்! இன்டெல் தன் தரவு மையங்களுக்காகச் செயலியும் நினைவகமும் உள்ள பலகையைத் தனியே கழற்றும்படி வடிவமைத்தது. முழு சர்வரையும் மாற்றுவதைவிடச் செலவு குறைந்தது 44 விழுக்காடும், பணியாளர் நேரம் 77 விழுக்காடும் குறையும் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. வட்டும் கேபிளும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலகையை உருவிப் புதியதைச் செருகினால் போதும்.

செயலியை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று கேட்டிருந்தார்கள். முந்தைய தலைமுறையான டிடிஆர்4 நினைவகம், அடுத்த தலைமுறையான டிடிஆர்5 பலகையில் ஏறாது. தலைமுறை மாறினால் பலகையோடுதான் மாற வேண்டும்.

நடந்தான், நடப்பாள்: பகுதி நிற்க, விகுதியும் இடைநிலையும் மாறுகின்றன. பெட்டி நிற்க, பலகை மாறுவதும் அதுபோலவே. ஆகவே 'மாறுறுப்பு வழங்கி'. வினைத்தொகை என்பதால் மாறிய, மாறுகின்ற, மாறும் என முக்காலமும் அடங்கும். பின்னாளில் மேம்படுத்தலாம் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

---

மாறுறுப்பு என்றதும் உறுப்பு மாற்று அறுவைதான் நினைவுக்கு வருகிறது. மேலும் பலகை தானாக மாறுவதில்லை, நாம் மாற்றுகிறோம், பிறவினைதான் பொருந்தும்.

---

பிறவினையாக்கி 'மாற்றுறுப்பு' என்றால் உதிரிபாகம் ஆகிவிடும், அம்மா. உடல் உறுப்போடு சொல்லின் பகுபத உறுப்பையும் பள்ளியில் படித்தவர்கள்தானே நாம்?

---

கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. பெரும்பாலோர் கூறுநிலை என்பதால் அதையே இடுகிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் 'உறுப்புகளைத் தனித்தனியே மாற்றி மேம்படுத்தத்தக்க' என்ற விளக்கம் சேரும்.

---

இடுங்கள். ஆனால் செலவு அட்டவணை உள்ள இயலில் அந்தச் சொல் பொருளைத் தாங்காது. அடுத்த பதிப்பில் மாறுறுப்பை மறுபடி கேட்பேன்.