150 மி.மீ. சிஐ (வார்ப்பிரும்பு) லைன் கசிவு: தண்ணீர் ஊறும் இடத்தில் தோண்டினால் பைப் நன்றாக இருக்கிறது

வார்டு_சைட்:
சென்னையில் பழைய தெரு. தார் ரோட்டுக்குக் கீழே சுமார் 1.2 மீட்டரில் 150 மி.மீ. வார்ப்பிரும்பு லைன், ஈய ஜாயின்ட். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மூன்று மணி நேரம் சப்ளை. ரோட்டோரம் தண்ணீர் ஊறி நிற்கிறது. அங்கே தோண்டியதில் மண் சொதசொதவென்று இருக்கிறது, பைப்பில் ஒன்றுமில்லை. சில வீடுகளில் சப்ளை வந்த முதல் பத்து நிமிடம் நாற்றம். அடுத்த குழி எங்கே போடலாம்? கண்டுபிடித்தால் கிளாம்ப் (பைப்பைச் சுற்றி இறுக்கும் பட்டை) போதுமா?

ஸ்லூஸ்_வால்வு:
இப்போதைக்கு எங்கேயும் போடாதீர்கள். பைப்பில் ஓட்டை விழுந்த இடம் ஒன்று, ரோடு வழிவிடும் இடம் வேறு. நடுவில் தண்ணீர் பழைய கேபிள் பள்ளத்து மணலில் தாழ்வான பக்கமாக ஓடிவிடும். அதனால் மேட்டுப் பக்கம்தான் முதல் சந்தேகம்.

அது நம் லைன் தண்ணீர்தானா என்று முதலில் பாருங்கள். குளோரின் இருந்தால் நம்முடையது. இல்லையென்றால் ஒன்றும் முடிவாகாது, மண்ணைக் கடக்கும்போதே குளோரின் செத்துப்போகும். டிடிஎஸ் (கரைந்த உப்பு அளவு) மீட்டர் வைத்து ஊறும் தண்ணீர், வீட்டுக் குழாய், பக்கத்து போர் மூன்றையும் ஒப்பிடுங்கள். சப்ளை நேரத்தில் ஊற்று கூடி, பிறகு குறைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

நாற்றத்தை லேசாக எடுக்க வேண்டாம். சப்ளை நின்றதும் பைப்பில் பிரஷர் போய்விடும், அதே ஓட்டை வெளியே நிற்கும் கழிவுநீரை உள்ளே இழுக்கும். நாறும் வீடுகளுக்குப் பக்கத்தில் சாக்கடை இணைப்பும் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சரிசெய்யும்வரை அந்த வீடுகளுக்கு லாரித் தண்ணீர் கொடுங்கள்.

சத்தம்_கேட்பவன்:
சத்தம் சப்ளை நேரத்தில்தான் கிடைக்கும், அதுவும் ஒரு பார் அளவுக்காவது பிரஷர் இருந்தால். வால்வு ஸ்பிண்டில், வீட்டு இணைப்பு எல்லாவற்றிலும் லிசனிங் ராடு (கசிவுச் சத்தம் கேட்கும் கம்பி) வைத்து, சத்தம் அதிகமுள்ள இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு மோட்டார்கள் ஓடினால் காது ஏமாறும். அந்தத் தெருவில் பத்து நிமிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள்.

கோரிலேட்டர் (இரண்டு சென்சாருக்கும் சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் இரண்டு வால்விலும் சென்சார் வைக்கலாம். உதாரணமாக இடைவெளி 120 மீட்டர், சிஐ பைப்பில் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 1250 மீட்டர், நேர வித்தியாசம் 40 மில்லிநொடி. 1250 × 0.04 = 50. (120 − 50) ÷ 2 = 35. சத்தம் முதலில் எட்டிய வால்விலிருந்து 35 மீட்டரில் கசிவு. ஆனால் நடுவில் யாராவது பிவிசி துண்டு போட்டு ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டது. பிவிசியில் வேகம் பாதிக்கும் குறைவு. பழைய ரிப்பேர் விவரம் தெரிந்த வால்வு ஆபரேட்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபெரூல்களை (மெயின் பைப்பில் வீட்டு இணைப்பு பிரியும் இடம்) பாருங்கள், பல கசிவுகள் அங்கேதான்.

வார்டு_சைட்:
நன்றி. 150 பைப்புக்கு வெளிவிட்டம் 170 தானே? கிளாம்ப் இப்போதே ஆர்டர் போட்டுவிடலாமா?

காலர்_போல்ட்:
டிஐ (டக்டைல் அயர்ன், எளிதில் உடையாத புது வகை வார்ப்பிரும்பு) என்றால் 170. பழைய சிஐ இஞ்ச் கணக்கில் வார்த்தது, சில மி.மீ. கூடும். துரு சுரண்டியபின் டேப்பைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 534 மி.மீ. வந்தால்தான் 170.

கிளாம்பா வெட்டா என்பதைக் கீறலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுற்றுவாக்கில் கீறல், சின்ன ஓட்டை: முழுச் சுற்று ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போதும். நீளவாக்கில் வெடித்திருந்தால் கிளாம்ப் வீண், கீறல் அதைத் தாண்டி ஓடும். கண்ணுக்குத் தெரியும் முனையிலிருந்து இருபக்கமும் 30 செ.மீ. தள்ளி வெட்டி டிஐ துண்டும் இரண்டு கப்ளிங்கும் போடுங்கள். இருபக்க வெளிவிட்டமும் வேறு என்பதால் சாதாரண எம்.ஜே. (மெக்கானிக்கல் ஜாயின்ட்) காலர் பிடிக்காது, வெவ்வேறு விட்டத்துக்குப் பொருந்தும் வைட் ரேஞ்ச் கப்ளிங் கேளுங்கள். டயமண்ட் பிளேடால்தான் வெட்ட வேண்டும். உளி வைத்து அடித்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். ஈய ஜாயின்ட் மட்டும் ஒழுகினால் திரும்ப அடித்து இறுக்கிப் பாருங்கள், சாக்கெட் வெடித்திருந்தால் அதையும் வெட்டத்தான் வேண்டும்.

பைப்புக்கு அடியில் 30 செ.மீ. கூடுதலாகத் தோண்டி, தண்ணீர் இறைக்க மோட்டார் போடுங்கள். குழித் தண்ணீர் பைப் மட்டத்துக்கு ஏறினால் சேறு உள்ளே போகும். போல்ட்டை எதிரெதிராக இறுக்கி, பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு சுற்று. ரப்பர் அமர்ந்ததும் தளரும்.

ஸ்லூஸ்_வால்வு:
ஒன்று விட்டுப்போச்சு. புதுத் துண்டு, கப்ளிங் உள்பக்கம் எல்லாம் 1 சதவீதக் குளோரின் கரைசலில் துடைக்கணும். 120 மீட்டர் லைன் சுமார் 2100 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 50 மி.கி. என்றால், 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 425 கிராம். கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், சுண்ணாம்பு அடைக்கும். ஃபெரூல்களை மூடி 24 மணி நேரம் நிறுத்தி, பிறகு கழுவி விடுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள், காற்று வெளியேறணும். கடைசி வீட்டில் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறையாமல் இருக்கிறதா பார்த்து, பாக்டீரியா சாம்பிள் அனுப்பிவிட்டு மண் மூடுங்கள்; அதற்கு முன் தார் போட வேண்டாம்.