கைக்குழந்தையோடு முதுமாணி: இப்போதே பதிவதா, அடுத்த வருடம் பார்ப்பதா?

ஹம்டன் லேன் ரீச்சர்:

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், அரசாங்கப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கல்வியியல் முதுமாணிக்கு (மாஸ்டர்ஸ்) இடம் கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்பு. மாத முடிவுக்குள் பணம் கட்டிப் பதிய வேண்டும்.

மூத்தவள் மொண்டிசோரி போகிறாள். சின்னவனுக்கு எட்டு மாதம். முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள் என்று விடுமுறை எல்லாம் எடுத்து முடித்து இப்போதுதான் பாடசாலைக்குத் திரும்பினேன். அவர் டோஹாவில். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கிறார். தங்கமான மனிசி, ஆனால் முழங்கால் வருத்தம். மாமி "படி பிள்ளை" என்கிறார். என் அம்மாவோ ஃபோனில் "இப்ப என்ன அவசரம்?" என்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

வகுப்புகளை எப்படியாவது சமாளிப்பேன். பயமெல்லாம் ஆய்வேட்டில்தான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாடங்களை முடித்துவிட்டு ஆய்வேட்டில் நிற்கிறவர்கள் மூன்று பேர், மூவரும் அம்மாமார். கேட்டால் சிரித்துக் கழிக்கிறார்கள். எழுதி முடித்த அம்மாமார் யாராவது இருக்கிறீர்களா? எந்த நேரத்தில் எழுதினீர்கள்? பிள்ளைகள் படுத்த பிறகு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களோடு நானும் படுத்துவிடுகிறேன். டோஹாவில் 8.30க்கு அவர் ஃபோன் எடுக்கும்போது எனக்கு 11 மணி. அரைத் தூக்கத்தில் கதைத்துவிட்டுத் திரும்பப் படுக்கிறேன்.

தெகிவளைத் தகப்பன்:

என் மனைவி படித்தபோது சனிக்கிழமைகளில் வீடு என் பொறுப்பு. வகுப்பில் இருக்கும்போது ஃபோனை அணைத்து வைத்துவிடுவார். பனடோல் எங்கே, சின்னவளின் சட்டை எங்கே என்று நானே தேடிக் கண்டுபிடித்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

உங்கள் அவரால் தூரத்திலிருந்தும் செய்யக்கூடியது இருக்கிறது. சனி, ஞாயிறு வீட்டுக்கு ஒரு ஆளை ஒழுங்கு செய்து சம்பளம் அவர் கொடுக்கட்டும். முழங்கால் வருத்தக்காரரை நம்பித் தவழுகிற பிள்ளையை நாள் முழுக்க விடாதீர்கள், மாமிக்கும் அது பாவம். கட்டாரில் வெள்ளி விடுமுறை, நீண்ட கதையை அன்று பின்னேரம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதிச் சமையலையும் விடுங்கள். காலி வீதியில் இடியப்பமும் புட்டும் பார்சல் கிடைக்காத மூலையா?

நாவலக்காரி:

தங்கச்சி, நான் இரண்டு பிள்ளைகளோடு எழுதி முடித்தவள். பதியுங்கள். ஆனால் உங்கள் ஸ்டாஃப் ரூம் ஆட்கள் ஏன் நிற்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு பதியுங்கள்.

வகுப்பு என்றால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். சேலை கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு காலையில் வெளிக்கிடுகிறாள், படிக்கத்தான் போகிறாள். யாரும் மறிக்க மாட்டார்கள். ஆய்வேட்டுக்கு நேரசூசி இல்லை, வரவு எடுக்க ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்திருப்பவள் மற்றவர்களின் கண்ணுக்கு வீட்டில் சும்மா இருக்கிற அம்மாதான். காஸ் முடிந்தால் அவளைக் கூப்பிடுவார்கள், பெல் அடித்தால் அவள்தான் திறக்க வேண்டும். என் மாமிக்கு என்மேல் உயிர். ஒரு பந்தி எழுதுவதற்குள் "பிள்ளை, ஒரு நிமிஷம்" என்று நாலு தரம் கூப்பிட்டவரும் அவர்தான்.

அதனால் எழுத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனேன். உங்களுக்கு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் பக்கத்தில்தானே. பாடசாலை 1.30க்கு விட்டதும் வாரத்தில் இரண்டு நாள் நேரே அங்கே போங்கள், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் "வகுப்பு" என்றே சொல்லுங்கள். பொய் என்று நான் நினைக்கவில்லை. பழைய தமிழ்ச் சஞ்சிகைகளும் நூல்களும் 'நூலகம்' என்றே பெயருள்ள இணையத்தளத்தில் (noolaham.org) இலவசமாகக் கிடைக்கின்றன. பால் கொடுக்கும்போது ஒரு கையால் ஃபோனில் வாசித்தே என் இலக்கிய மீளாய்வில், அதாவது முந்தைய ஆய்வுகளைப் பற்றி எழுதும் பகுதியில், பாதி முடிந்தது.

பதிய முன் இணைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் கற்கை, பட்டங்களை மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் (SLQF) 9ஆம் மட்டமா, 10ஆம் மட்டமா? 9 என்றால் பாடங்கள் மட்டும், குறைந்தது 30 கிரெடிட். 10 என்றால் ஆய்வோடு சேர்த்து 60. ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம் என்று கணக்கு. அப்படியென்றால் 30 கிரெடிட் பாடங்களுக்கு மட்டுமே 1500 மணித்தியாலம். வார இறுதி வகுப்புதானே என்று சொல்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தலைப்பை முதல் அரையாண்டிலேயே உங்கள் வகுப்பறைக்குப் பக்கத்தில் தேடுங்கள். தூரத்துப் பாடசாலைகளில் தரவு எடுக்கிற தலைப்பு கைக்குழந்தைக்காரிக்கு வேண்டாம். அனுமதிக் கடிதம் வரக் காலம் எடுக்கும். கடிதம் வரும்போது ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிவிடும். பிறகு பரீட்சைக் காலம், அப்போது எந்த அதிபரும் வினாக்கொத்தோடு உள்ளே விடமாட்டார். அந்த மூன்று பேரில் ஒருவராவது இதில்தான் நிற்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

கொட்டாஞ்சேனை வாசகி:

எல்லோரும் பதி பதி என்கிறீர்கள். நான் ஒரு வருடம் தள்ளிப் போட்டவள், கவலையே இல்லை. மகனுக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும், இரவில் நித்திரை கிடையாது, அந்த நிலையில் படித்திருந்தால் ஒன்றும் ஏறியிருக்காது. ஆனால் கிடைத்த இடத்தைத் தள்ளி வைக்க விடுவார்களா, திரும்ப விண்ணப்பிக்கச் சொல்வார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

ஹம்டன் லேன் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டேன். 10ஆம் மட்டம்தான், ஆய்வு கட்டாயம். தள்ளி வைக்க ஏற்பாடு இல்லை, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவரும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சரி என்றுவிட்டார். மாமிக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல், "நான் இருக்க வேற ஆளா" என்று. "வாறவ உங்களுக்கு உதவிக்கு மாமி" என்று சொல்லியிருக்கிறேன். பதியப் போகிறேன்.

இன்னும் ஒன்று. சின்னவன் கஞ்சியும் பழமும் சாப்பிடுகிறான், ஆனால் பால் நிறுத்த மனமில்லை. நாள் முழுக்க வகுப்பென்றால் என்ன செய்தீர்கள்?

நாவலக்காரி:

எடுத்து வைத்த பால் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை இருக்கும், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளுக்குள் வையுங்கள். வெளியில் 4 மணித்தியாலம் என்பது 25 பாகைக்கு உட்பட்ட கணக்கு. கொழும்பு வெக்கைக்கு அதை நம்ப வேண்டாம், ஐஸ் கட்டியோடு ஒரு குளிர்ப்பை வாங்குங்கள். மிச்சத்தைக் கிளினிக்கில் மிட்வைஃபிடம் கேளுங்கள், செய்தும் காட்டுவார்.

வகுப்பு நடக்கிற இடத்தில் பால் எடுக்கக் கதவு பூட்டக்கூடிய ஒரு அறை வேண்டும். முதல் சனிக்கிழமையே அலுவலகத்தில் உள்ள பெண் ஒருவரிடம் திறப்பைக் கேட்டுவிடுங்கள். எனக்குத் தந்தவர் விரிவுரையாளர் இல்லை, அங்கே தேநீர் போடுகிற அக்கா.